மணத்தை நடத்துகிறவர் யார்?

(சீர்திருத்த மணத்தைப் பற்றிய ஓர் ஆலோசனைக் கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



சீர்திருத்த மணத்தை எப்படி நடத்துவது, அதை நடத்திவைக்க யாரை அழைப்பது என்பது பற்றிப் பேசும்படி இக்கூட்டத்தார் நம்மைக் கேட்டிருக்கின்றார்கள். வருகிற தை மாதத்தில் இவ்வூரில் மூன்று வீடுகளில் கலியாணம் நடக்க இருக்கின்றதாம். மூன்று வீட்டாரும் புரோகிதர் வேண்டாமென்று முடிவு செய்துவிட்டார்களாம். ஆனால் புரோகிதரை நிறுத்திவிட்டால் அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது, அவர் என்ன சொல்லுவது, எதற்குப் பிறகு எது செய்வது என்று தெரியாமல் திகைக்கின்றார்களாம். அவர்கள் திகைப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பல தலைமுறையாக நம் வீட்டுக் கலியாணத்தில் நமக்கு இருந்த வேலையெல்லாம் பந்தல் போடுவதும், பணம் கொடுப்பதும், உட்கார் என்றால் உட்காருவதும், எழுந்திரு என்றால் எழுந்திருப்பதுமேயல்லாமல் வேறில்லை. அப்படிப்பட்டவர்கள் கையில் திடீரென்று காரியம் முழுவதையும் கொடுத்தால் திகைப்பு வரத்தானே செய்யும்?

ஆகவே முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக் கொள்ளுவோம். மணத்தை நடத்துகிறவர் யார்? புரோகிதரா? தலைமை வகிக்கும் பெரிய மனிதரா? தாய் தகப்பன்மாரா? நாம் சொல்லுவது என்னவென்றால், மணத்தை நடத்துகிறவர்கள் மணமகனும் மணமகளுமே ஆவார்கள். மற்ற எல்லோரும் பார்க்க வந்தவர்கள்; வாழ்த்த வந்தவர்கள்; நாளைக்கு ஒரு வழக்கு என்றால் சாட்சி சொல்லக் கூடியவர்கள். அவர்களில் ஒருவர் எழுந்து நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்துவார். அவ்வளவுதான் அவருக்கு வேலை.

இது நாம் வாய்க்கு வந்தபடி சொல்லுவதல்ல. சட்டமே இப்படித்தான் சொல்லுகின்றது. 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற ஒரு பிரிவை, அண்ணாதுரை அவர்கள் முதலமைச்சராயிருந்தபோது 1967-இல் நம் சட்டசபை சேர்த்தது. ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்று 1968 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. அந்தப் பிரிவு கேட்பது வெகு சொற்பம். உறவினர், சினேகிதர், அல்லது வேறு மனிதர் முன்னிலையில், இருவரும் தங்களுக்கு விளங்கக்கூடிய பாஷையில், உன்னைக் கணவனாக ஏற்கிறேன், உன்னை மனைவியாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றிக் கொண்டால் போதும். அல்லது விரலில் மோதிரம் போட்டால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். இதில் வரும் "விளங்கக்கூடிய பாஷை" என்பதையும், "அல்லது" என்பதையும் தயவு செய்து கவனியுங்கள். தீ வேண்டியதில்லை, ஏழடி வேண்டியதில்லை, புரோகிதர் வேண்டியதில்லை, தலைமை வகிப்பவர்கூட வேண்டியதில்லை. ஊரைக் கூட்டிப் பறைசாற்றித்தான் இம்மணம் நடக்கவேண்டும் என்பதில்லையென்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது.

"சட்டம் என்ன சொன்னால் என்ன, மணம் என்பது சடங்குதானே?" என்று சிலர் கேட்கலாம். அந்தச் சடங்கைப் பிடித்துக்கொண்டு என்னென்ன அநியாயம் நடந்தது என்பதைக் கேளுங்கள். 1928-இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்தது முதலாவது சுயமரியாதை மணம் என்பார்கள். அதற்குப் பின் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இம்மணங்கள் நடந்தன. கணவனும் மனைவியுமாகக் குடித்தனம் செய்தார்கள். பிள்ளை குட்டிகளைப் பெற்றார்கள். ஆனால் 1953-இல் ஒரு சொத்து வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், இம்மாதிரி மணத்தில் சாஸ்திரச் சடங்கும் இல்லை, நெடுங்கால வழக்கம் என்று சொல்லவும் இடமில்லை, ஆகவே இது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அத்தீர்ப்பின்படி அந்த மனைவி மனைவியல்ல. அவள் பெற்ற பிள்ளை சட்டப்படி பிறந்த பிள்ளையல்ல. ஊரறிய, உலகறிய ஒருவனோடு வாழ்ந்த பெண்ணுக்கு, ஏழடி எடுத்து வைக்கவில்லை என்பதற்காக இந்தப் பட்டம்! பழைய மணங்களும் செல்லும் என்று 1967-ஆம் வருஷத்துச் சட்டம் சேர்த்துச் சொன்னது இந்தப் பெண்களுக்காகத்தான்.

இன்னொரு வழக்கைக் கேளுங்கள். மனைவி உயிரோடிருக்க ஒருவன் இரண்டாவது மணம் செய்து கொண்டான். முதல் மனைவி கோர்ட்டுக்குப் போனாள். கோர்ட்டில் அவன் தரப்பு வாதம் என்ன தெரியுமா? இரண்டாவது கலியாணத்தில் சப்தபதி நடந்ததாக ருசுவாகவில்லை, ஆகவே அது கலியாணமே அல்ல, ஆகவே குற்றமும் இல்லை என்பதுதான். கலியாணம் செய்வதற்கும் சடங்கு. செய்த கலியாணத்தை இல்லையென்று சொல்லித் தப்புவதற்கும் அதே சடங்கு! 2001-இல் உச்சநீதிமன்றம் இந்த வாதத்தை ஒப்புக் கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் 7-ஏ பிரிவு இருக்கிறது, அதன்படி சப்தபதி இல்லாமலும் மணம் மணமே என்று சொல்லிவிட்டது. ஆகவே சடங்குதான் பெண்ணுக்குக் காவல் என்று நினைக்கும் தாய்மார்கள் நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

"புரோகிதர் இல்லாத மணம் நம் வழக்கத்தில் உண்டா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கின்றது. அகநானூற்றில் 86-ஆம் பாட்டில் ஒரு கலியாணம் சொல்லப்படுகிறது. பந்தல் போட்டு, மணல் பரப்பி, விளக்கேற்றி, உழுந்து சேர்த்த சோறு சமைத்து, மக்களைப் பெற்ற பெண்கள் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றார்கள். தீ வலம் வந்ததாகவும் இல்லை; புரோகிதர் வந்ததாகவும் இல்லை. நடத்தி வைத்தவர்கள் அந்த நான்கு தாய்மார்கள்தான். அப்பாட்டில் நல்ல நாள் பார்த்ததாகவும் இருக்கின்றது. பழையது என்பதற்காக அதையும் ஏற்க வேண்டும் என்பது நமது கட்சி அல்ல. "ஆதியிலிருந்து இப்படித்தான்" என்று சொல்லுவது உண்மையல்ல என்று காட்டவே இதைச் சொன்னோம். நம் நாட்டில் மாத்திரமா? மராட்டிய நாட்டில் ஜோதிராவ் புலே அவர்கள் 1873-இல் புனாவில் சத்திய சோதக சமாஜத்தை ஏற்படுத்தி, புரோகிதரில்லாமல், மணமகனும் மணமகளும் தாங்களே உறுதி சொல்லிக் கொள்ளும் மணங்களை அவ்வருஷத்திலேயே ஆரம்பித்து நடத்தினார்.

ஆகவே புரோகிதர் போனது சரி. இனி நாம் பயப்படுவது வேறொன்றைப் பற்றி. அது என்னவென்றால், பழைய புரோகிதர் எழுந்துபோன மணையில் புதிய புரோகிதர் வந்து உட்கார்ந்து கொள்ளுவதேயாகும். நாம் பல ஊர்களில் கண்டதைச் சொல்லுகின்றோம். அழைப்பிதழில் தலைவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மணமகள் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மணம் என்று போட்டிருக்கும். தலைவர் வருகிறபோது பன்னிரண்டு ஆகும். ராகுகாலம் பார்க்காதவர்கள், தலைவர் காலம் பார்த்துக் காத்துக் கிடப்பார்கள். அவர் வந்ததும், மணமக்கள் பெயரைப் பக்கத்திலிருப்பவரைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுவார். பிறகு ஒரு மணி நேரம் தமது கட்சிச் சமாச்சாரம் பேசுவார். கடைசியில் தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். மணமகள் வாய் திறந்து ஒரு வார்த்தையாவது பேசினாளா? இல்லை. அவளுக்குச் சம்மதமா என்று ஒருவராவது கேட்டார்களா? இல்லை. இதற்கும் பழைய கலியாணத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். அங்கே புரியாத மந்திரம். இங்கே புரிந்தும் சம்பந்தமில்லாத பிரசங்கம். இரண்டு இடத்திலும் பெண் தலை குனிந்துதான் உட்கார்ந்திருக்கின்றாள்.

ஸ்காட்லாந்து தேசத்தில் கடவுள் பெயரில்லாமல் மனிதநேயச் சங்கத்தார் நடத்திவைக்கும் மணம் 2005 முதல் சட்டப்படி செல்லும். அங்கே நடத்திவைப்பவர் என்ன செய்கின்றார் என்றால், முன்கூட்டியே மணமக்கள் இருவரையும் சந்தித்து, நீங்கள் எப்படிப் பழகினீர்கள், ஒருவரிடத்தில் ஒருவர் மதிப்பது எது, எதை உறுதியாகச் சொல்ல விரும்புகின்றீர்கள் என்று கேட்கின்றார். அதைக் கொண்டு அவர்களுக்கென்றே நிகழ்ச்சியை எழுதி, அவர்களிடம் காட்டி, திருத்தச் சொன்னால் திருத்தி, பிறகுதான் கூட்டத்தில் பேசுகின்றார். அதற்குக் கூலியும் வெளிப்படையாகப் பேசி வாங்கிக் கொள்கின்றார். வெள்ளைக்காரன் செய்கிறான் என்பதற்காக நாமும் செய்ய வேண்டுமென்று சொல்லவில்லை. அறிவுக்கு ஒத்ததா இல்லையா என்று பாருங்கள். இருவருடைய வாழ்க்கையைப் பற்றிய நிகழ்ச்சியில் அந்த இருவரைக் கேட்டுப் பேசுவது நியாயமா, கேளாமல் பேசுவது நியாயமா?

இனிக் காரியத்துக்கு வருவோம். மூன்று வீட்டாரும் செய்ய வேண்டியவை இவை என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது, பெண்ணைக் கேளுங்கள். ஜாதகத்தைக் கேட்டீர்கள், தரகரைக் கேட்டீர்கள், மாமனைக் கேட்டீர்கள், பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, "உனக்குச் சம்மதமா? இல்லையென்று சொன்னால் நாங்கள் கோபிக்க மாட்டோம்" என்று கேட்டீர்களா? இதைச் செய்யாமல் புரோகிதரை மாத்திரம் நிறுத்துவது, திருடன் உள்ளே இருக்கும்போது கதவைப் பூட்டுவது போலாகும். பெண்ணுக்கு 18 வயதும், ஆணுக்கு 21 வயதும் பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். 18 ஆன மறுநாளே கலியாணம் என்று ஓடுவதும் அறிவாகாது. அவள் படிப்பு முடியட்டும்; கையில் ஒரு தொழில் வரட்டும்.

இரண்டாவது, தலைமைக்கு ஆள். அவர் அந்த இருவரையும் அறிந்தவராயிருக்க வேண்டும். அல்லது அறிந்துகொள்ள நேரம் ஒதுக்கக் கூடியவராயிருக்க வேண்டும். அவர் பள்ளிக்கூட ஆசிரியையாயிருக்கலாம். உடன் வேலை செய்யும் தோழராயிருக்கலாம். பெரிய மனிதராயிருக்க வேண்டுமென்ற அவசியம் கிடையாது. குறித்த நேரத்துக்கு வருவாரா, கால் மணி நேரத்தில் பேசி முடிப்பாரா, முன்னதாக மணமக்களைச் சந்திப்பாரா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் சரியென்றால் அவரை அழையுங்கள். வெளியூரிலிருந்து வந்தால் வழிச்செலவு கொடுங்கள். அவர் வேலையை விட்டு வந்தால், பேசிக்கொண்ட கூலியையும் கொடுங்கள். அது தட்சணையல்ல, உழைப்புக்குச் சம்பளம். ஆனால் அவர் காலில் மட்டும் விழாதீர்கள்.

தலைமைக்கு ஆள் வெளியில்தான் கிடைக்கும் என்றும் எண்ணாதீர்கள். கணவனை இழந்த ஒரு தாய், களையெடுத்தும் நாற்று நட்டும் ஒரு பெண்ணை வளர்த்துப் படிக்க வைத்திருப்பாள். அந்தப் பெண்ணின் கலியாணத்தன்று அந்தத் தாய் எங்கே இருக்கின்றாள்? அடுப்பங்கரையில் மறைந்து நிற்கின்றாள். தாலியறுத்தவள் எதிரே வரக் கூடாதாம்! பெற்று, வளர்த்து, கடனடைத்து, கலியாணமும் செய்து வைப்பவள் அபசகுனம். அன்றைக்குத்தான் முகம் பார்த்த புரோகிதர் மங்களம்! இதைவிட மானக்கேடு ஒரு தாய்க்கு வேறு என்ன இருக்கின்றது? இவ்வூர் மூன்று வீட்டில் ஒரு வீட்டில் இப்படி ஒரு தாயார் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அந்த அம்மையாரையே தலைமை வகிக்கச் செய்யுங்கள் என்று கேட்டுக் கொள்கின்றோம். அவருக்கு மேடைப் பேச்சு வராது என்பீர்கள். பேச வேண்டியதில்லை. இரண்டு மாலையையும் அவர் கையால் எடுத்துக் கொடுக்கட்டும். எந்தத் தலைவர் கொடுப்பதையும்விட அதற்குப் பெருமை அதிகம்.

மூன்றாவது, உறுதிமொழி. புஸ்தகத்தில் அச்சடித்த உறுதிமொழியை ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லுவதென்றால் அதுவும் தமிழில் ஒரு மந்திரமாகிவிடும். சட்டத்துக்கு வேண்டிய ஒரு வாக்கியத்தை, அதாவது உன்னைக் கணவனாக, மனைவியாக ஏற்கின்றேன் என்பதை, இருவரும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லட்டும். மீதியை அவர்களே எழுதட்டும். சம்பாதிப்பது யார் கையில் இருக்கும், வீட்டு வேலையை எப்படிப் பகிர்ந்து கொள்வது, பெண் மேலே படிப்பதா, அவள் தன் தாயாருக்குப் பணம் அனுப்பினால் அவன் ஆட்சேபிப்பானா, எத்தனை பிள்ளைகள் என்பது யார் முடிவு ஆகியவைகளை முன்னமேயே பேசிக் கொண்டு, அதில் ஊரார் முன் சொல்லக்கூடியதைச் சொல்லட்டும். மணமகன் சொல்லும் ஒவ்வொரு உறுதியையும் மணமகளும், மணமகள் சொல்லும் ஒவ்வொன்றையும் மணமகனும் சொல்லக் கூடியதாயிருக்க வேண்டும். "அடங்கி நடப்பேன்" என்று அவள் சொன்னால் அவனும் அதையே சொல்லட்டும். அவன் சொல்லக் கூசினால் அவளும் சொல்ல வேண்டாம்.

நான்காவது, தாலி. சட்டத்தில் அது கட்டாயமல்ல என்று முன்னமே சொன்னோம். கணவன் உண்டு என்பதற்குப் பெண் கழுத்தில் அடையாளம் வேண்டுமானால், மனைவி உண்டு என்பதற்கு ஆண் கழுத்திலும் ஒன்று வேண்டாமா? ஆயினும் பெண்ணே அதை விரும்பினால் சண்டை பிடித்து மணத்தைக் கெடுக்காதீர்கள். முடிவு அவளுடையதாயிருக்கட்டும், மாமியாருடையதாகவும் வேண்டாம், நம்முடையதாகவும் வேண்டாம்.

ஐந்தாவது, நேரமும் செலவும். விடியற்காலை நாலரை மணி முகூர்த்தத்தில் யாருக்கு என்ன லாபம்? ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வையுங்கள். கூலி வேலைக்குப் போகிறவனும் வருவான். ஒரு மணி நேரத்தில் நிகழ்ச்சி முடியும். ஒரு வேளைச் சாப்பாட்டோடு செலவு முடியும். கடன் வாங்கிக் கலியாணம் செய்பவர் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று லட்சம் ரூபாயை நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் வட்டி, வருஷத்துக்கு 72,000. நான்கு வருஷத்தில் 2,88,000 ரூபாய் வட்டி கட்டியும் முதல் மூன்று லட்சம் அப்படியே நிற்கும். அன்றைக்கு வாழை மரமும், மின்சார விளக்கும், பெரிய மண்டபமும் பார்த்துப் போனவர்களில் ஒருவராவது இந்த வட்டியில் பங்கு கொடுப்பார்களா?

ஆறாவது, பதிவு. இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி எந்த மணத்தையும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் தவணை உண்டு. சார்பதிவாளர் ஆபீசுக்கு வயது, விலாசம் இவற்றுக்கு ருசுவும், அழைப்பிதழும், படமும், சாட்சிகளும் கொண்டு போங்கள். மறுவாரமே போங்கள். வேறு வேறு மதத்தவர் மணந்து கொள்வதானால் 7-ஏ பிரிவு உதவாது. 1954-ஆம் வருஷத்து விசேஷத் திருமணச் சட்டத்தின்படி 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மூன்று சாட்சிகள் முன் பதிய வேண்டும். அதற்குத் தக்கபடி முதலிலேயே நாள் குறித்துக் கொள்ளுங்கள். அக்கினி சாட்சி என்றார்களே, அந்த அக்கினி எந்தக் கோர்ட்டிலாவது வந்து ஒரு பெண்ணுக்காகச் சாட்சி சொன்னதுண்டா? பதிவுப் புஸ்தகம் வந்து சொல்லும். கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஜீவனாம்சம் கேட்கவும், கணவன் இறந்தால் பங்கு கேட்கவும், பிள்ளைக்கு உரிமை கேட்கவும் அந்தக் காகிதந்தான் துணை.

"இப்படி மளமளவென்று முடித்துவிட்டால் கலியாணம் செய்தோமென்ற உணர்ச்சியே வராதே" என்று வயதானவர்கள் வருத்தப்படுகின்றார்கள். அவர்கள் வருத்தத்தைப் பரிகசிக்கக் கூடாது. பாட்டி ஆரத்தி எடுக்க விரும்பினால், அத்தை பாட்டுப் பாட விரும்பினால், அதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஒருவரையும் தாழ்த்தாதது, ஒருவரையும் விலக்காதது, பொய் சொல்லாதது எதுவாயிருந்தாலும் இருக்கட்டும். ஆனால் உணர்ச்சி என்பது புகையில் இல்லை. ஒரு பெண் எழுந்து நின்று, நடுங்காத குரலில், "நானாகவே இவரை ஏற்கின்றேன்" என்று சொல்லும்போது பந்தலில் இருக்கும் எந்தத் தாய்க்குக் கண் கலங்காமலிருக்கும்? தான் கலியாணத்தன்று ஒரு வார்த்தை பேசவில்லையே, யாரும் கேட்கவில்லையே என்று அவளுக்கு நினைவு வராதா?

ஆகவே தோழர்களே! தை மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கின்றது. மூன்று வீட்டாரும் இன்று வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அழைப்பிதழ் அச்சடிக்க ஓட வேண்டாம்; தலைவரைத் தேடியும் ஓட வேண்டாம். மணமக்கள் இருவரையும் உட்கார வைத்து, நீங்கள் என்ன சொல்லப் போகின்றீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லுவதை ஒரு காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் காகிதம் தயாரானால் மணம் பெரும்பாலும் தயாரானது போலத்தான். அதற்குப் பிறகு யார் தலைமை வகித்தாலும் ஒன்றுதான்.